சீன மருத்துவத்தில் கோஜி பெர்ரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்கள் இந்தச் சிவப்புப் பழத்தைச் சீன நண்பர் வீட்டுக் கோழிச் சூப்பில் பார்த்திருப்பார்கள். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் உலர்பழக் கடையில் 'சூப்பர் ஃபுட்' என்ற சீட்டுடன் பார்த்திருப்பார்கள். பழம் ஒன்றுதான். ஆனால் சூப் வைப்பவருக்கு அதைப் பற்றித் தெரிந்திருப்பது ஒன்று, சீட்டு ஒட்டியவர் சொல்வது வேறொன்று. அதனால் எழும் கேள்விகளுக்கே இங்கே பதில் சொல்கிறேன்.

கோஜி பெர்ரி என்பது என்ன?

லைசியம் பார்பரம் என்ற முட்புதரின் பழம். சீன மருந்துக் கடையில் 'கோ சி சி' என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். கத்தரிக்காய், தக்காளி, மிளகாய் இருக்கும் அதே தாவரக் குடும்பம். நம் மணத்தக்காளி, தூதுவளை, அமுக்கரா மூன்றும்கூட அந்தக் குடும்பம்தான். பறித்த புதிதில் சிறு மிளகாய்ப் பழம் போலப் பளபளக்கும். உலர்ந்தால் திராட்சை அளவுக்குச் சுருங்கி, இனிப்பும் லேசான துவர்ப்புமாக இருக்கும். லைசியம் சைனென்ஸ் என்ற நெருங்கிய உறவுச் செடியும் உண்டு. இருந்தாலும் சீன அரசின் மருந்து நூல் பழமருந்தாக ஏற்பது பார்பரத்தை மட்டுமே.

இமயமலையில் விளையும் பழம் என்கிறார்களே?

அது விற்பனைக்காகச் சொல்லப்படும் கதை. மருந்துக்குப் பெயர் பெற்ற கோஜி வடமேற்குச் சீனாவின் நிங்சியா மாநிலத்திலிருந்து வருகிறது, குறிப்பாக ஜோங்நிங் வட்டாரத்திலிருந்து. மழை குறைந்த, உப்புத்தன்மை கொண்ட மண். மஞ்சள் ஆற்றின் வாய்க்கால் பாசனம். பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் குளிர். இந்தப் புதருக்கு அந்த நிலம் அப்படிப் பொருந்திப் போயிருக்கிறது. இன்று சிங்காய், சின்ஜியாங், கான்சு மாநிலங்களிலும் ஏராளமாகப் பயிராகிறது. சிங்காய் திபெத் பீடபூமியில் இருப்பதால் 'திபெத்தியக் கோஜி' என்று எழுதுவதில் கொஞ்சம் உண்மை இருக்கக்கூடும். துறவிகள் மலைச்சரிவில் பறிக்கும் காட்டுப்பழம் என்ற படத்துக்கு மட்டும் ஆதாரம் இல்லை. இது வரிசை வரிசையாக நட்டு, கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கூலியாட்கள் கையால் பறிக்கும் பயிர்.

சீன மருத்துவர்கள் இதை எதற்காகக் கொடுக்கிறார்கள்?

ஹான் வம்சக் காலத்தில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் 'ஷென்னோங் மூலிகை நூல்' மருந்துகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. நோயை அடித்து விரட்டும் கடுமையான மருந்துகள் கீழ்த்தரம். நீண்ட நாள் உண்டாலும் தீங்கு செய்யாமல் உடலைத் தாங்குபவை மேல்தரம். கோஜி மேல்தரத்தில் வருகிறது. அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கான குறிப்பு இந்த இடத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். இது காய்ச்சலுக்கு மாத்திரை போடுவதைப் போல இன்று தின்று நாளை பலன் பார்க்கும் பொருள் அல்ல.

மருந்து நூல்கள் இதன் சுவையை இனிப்பு என்றும், தன்மையைச் சமநிலை என்றும் குறிக்கின்றன. அதாவது பெரிய சூடும் இல்லை, பெரிய குளிர்ச்சியும் இல்லை. சேரும் இடங்கள் கல்லீரலும் சிறுநீரகமும். சில நூல்கள் நுரையீரலையும் சேர்க்கும். பயன் என்று சொல்லப்படுபவை: கல்லீரல், சிறுநீரகங்களின் 'யின்'னை நிரப்புவது, உயிர்ச்சாரத்தைப் பெருக்குவது, கண்ணைத் தெளிவாக்குவது. யின் என்பது உடலின் ஈரமும் குளிர்ச்சியும் ஊட்டமும் கொண்ட பக்கம். அது வற்றியவருக்கு வரும் தொல்லைகளை நூல்கள் வரிசையாகச் சொல்கின்றன: கண் வறண்டு மங்குவது, தலைசுற்றல், காதில் இரைச்சல், இடுப்பும் முழங்காலும் ஓய்ந்து வலிப்பது, இளநரை, விந்து பலவீனம். இப்படி ஒரு தொகுப்பாகத் தொல்லைகள் தெரியும்போதுதான் மருத்துவர் கோஜியை எடுப்பார். அசதி என்று சொன்னவுடன் எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பது அந்த மரபில் இல்லை.

சிறுநீரகத்துக்கு நல்லது என்றால், சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் கூடியிருக்கும் என் அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் கவலை தருவது இதுதான். சீன மருத்துவத்தில் சிறுநீரகம் என்ற பெயரில் வருவது ஒரு பெரிய செயல்தொகுதி. இனப்பெருக்கம், எலும்பு, தலைமுடி, செவிப்புலன், முதுமை அடையும் வேகம் எல்லாம் அதற்குள் அடங்கும். அந்தத் தொகுதியை வலுவாக்கும் என்று சொல்லப்படும் பொருள், ரத்தத்தை வடிகட்டும் உறுப்பு பழுதடைந்தவரைக் குணப்படுத்தும் என்று யாரும் காட்டவில்லை. மாறாக, உலர்ந்த பழங்களில் பொட்டாசியம் செறிந்திருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதுவே ஆபத்தாக முடியும். கல்லீரலுக்கும் இதே பேச்சுதான். கண் பார்வை கல்லீரலோடு சேர்ந்தது என்பது அந்த மரபின் கணக்கு. மஞ்சள் காமாலைக்கு இது மருந்து என்று புரிந்துகொள்ள வேண்டாம்.

தனியாகக் கொடுப்பார்களா, கூட்டு மருந்தாகவா?

பெரும்பாலும் கூட்டாகத்தான். கோஜியின் மதிப்பே அது சேரும் இடத்தில்தான் தெரிகிறது. சோங் வம்சக் காலத்தில் சியன் யி என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். அவருடைய மருத்துவமுறைகளைத் தொகுத்து 1119இல் வந்த நூலில் ஆறு பொருள் கொண்ட ஓர் உருண்டை மருந்து இருக்கிறது. அவித்துக் கருப்பாக்கிய ரெமானியா கிழங்குதான் அதில் தலைமை மருந்து. இந்த ஆறோடு கோஜியும் செவ்வந்திப் பூவும் சேர்ந்தால் அது 'சி ஜூ தி ஹுவாங்' உருண்டை. கண் மங்கல், வறட்சி, வெளிச்சத்தைக் கண்டால் கூசுவது, காற்றுப் பட்டால் நீர் வடிவது ஆகியவற்றுக்கு இன்றும் சீன மருந்துக் கடைகளில் விற்கிறது. குழந்தைக்கென்று எழுதிய மருந்தின் மேல் இரண்டு பொருளைச் சேர்த்து முதியவர்களின் கண்ணுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இந்த மரபில் நான் மிகவும் மதிப்பது இத்தகைய நுணுக்கத்தைத்தான்.

'வூ சி யான் சோங்' என்பது இன்னொன்று. ஐந்து விதை, பழங்களின் கூட்டு: கோஜி, கஸ்கூட்டா கொடியின் விதை, சீன ராஸ்பெர்ரி, ஐஞ்சுவைப் பழமான ஷிசாண்ட்ரா, பிளாண்டாகோ விதை. குழந்தை இல்லாத ஆண்களுக்குக் கொடுக்கப்பட்டது. மிங் காலத்து ஜாங் ஜிங்யுயே வகுத்த 'சுவோ குய்' உருண்டையிலும் கோஜி உண்டு.

கண்ணுக்கு நல்லது என்பதற்கு இன்றைய ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

கோஜியைப் பற்றிச் சொல்லப்படுபவற்றில் ஓரளவு காலூன்றி நிற்பது இதுதான். விழித்திரையின் நடுவே, எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் இடம் மாக்குலா. அங்கே லூட்டின், சியாசாந்தின் என்ற இரண்டு மஞ்சள் நிறமிகள் படிந்து, நீல ஒளியிலிருந்து அதைக் காக்கின்றன. உடலால் இவற்றை உண்டாக்க முடியாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். கோஜியின் செந்நிறத்தில் பெரும்பங்கு சியாசாந்தின்தான். இவ்வளவு சியாசாந்தின் கொண்ட உணவுகள் மிகக் குறைவு.

ஹாங்காங்கில் நாள்தோறும் 15 கிராம் கோஜியை 28 நாள் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் சியாசாந்தின் அளவு ஏறக்குறைய இரண்டரை மடங்கானது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு 65 முதல் 70 வயது வரையிலான 150 பேரைச் சேர்த்தது. 90 நாள் கோஜி உண்டவர்களின் மாக்குலாவில் வயதால் வரும் மாற்றங்கள் அதிகமாகவில்லை, மற்றவர்களுக்கு அதிகமாயின. 2021இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 45 முதல் 65 வயது வரையிலான 27 பேரிடம் ஆய்வு செய்தது. வாரத்துக்கு ஐந்து நாள், 28 கிராம் வீதம், 90 நாள் கோஜி உண்டவர்களின் மாக்குலா நிறமி அடர்ந்தது.

இவை நம்பிக்கை தரும் முடிவுகள். எல்லாம் சிறிய, குறுகிய கால ஆய்வுகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பார்வை இழப்பைத் தடுத்ததாக எதுவும் நிரூபிக்கவில்லை. கண்ணில் கருப்புப் புள்ளி, நேர்கோடு வளைந்து தெரிவது, திடீர் மங்கல் ஆகியவை இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கோஜி வாங்கக் கடைக்குப் போகும் நேரம் அது அல்ல.

ஆண்மையைப் பெருக்குமா?

'வீட்டை விட்டு ஆயிரம் லி தூரம் போகிறவன் கோஜி உண்ண வேண்டாம்' என்ற பழமொழி சீனாவில் உண்டு. 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த தாவோ ஹோங்ஜிங் என்ற மூலிகை அறிஞரே அதை எடுத்துச் சொல்கிறார். மனைவியைப் பிரிந்து போகிறவனுக்கு இது தொல்லை தரும் என்பது பொருள். இந்த நம்பிக்கை அவ்வளவு பழையது. விலங்குகளில் சில ஆய்வுகள் நல்ல குறிப்புகள் தந்திருக்கின்றன. மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியர் இதைத் தின்றுகொண்டே ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம். விந்துப் பரிசோதனை எளிமையானது, முதலில் அதைச் செய்யுங்கள்.

256 வயது வாழ்ந்தவர் தினமும் இதைச் சாப்பிட்டார் என்பது உண்மையா?

லி சிங் யுவன் என்ற மூலிகைக்காரர் 1933இல் இறந்தது உண்மை. அவர் 1677இல் பிறந்தார் என்பதற்குச் சான்று இல்லை. ஆவணங்களால் உறுதியான மிக நீண்ட ஆயுள் பிரான்சின் ஜான் கால்மான் அம்மையாருடையது, 122 ஆண்டுகள். லியின் பெயரைப் போட்டுக் கோஜிச் சாறு விற்பவர்களிடம் வாங்காதீர்கள்.

ஆரஞ்சைவிட 500 மடங்கு வைட்டமின் சி இருக்கிறதாமே?

இல்லை. 100 கிராம் உலர்ந்த கோஜியில் ஏறத்தாழ 48 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. 100 கிராம் ஆரஞ்சிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நம் பெரிய நெல்லிக்காய் இரண்டையும் எளிதாக மிஞ்சிவிடும். வைட்டமின் சிக்காகக் கோஜிக்குச் செலவழிக்க ஒரு காரணமும் இல்லை.

எவ்வளவு சாப்பிடலாம்? எப்படி?

மருந்து நூலின் அளவு ஒரு நாளைக்கு 6 முதல் 12 கிராம். ஒரு மேசைக்கரண்டி, அதற்குக் கொஞ்சம் மேல். உணவாகக் கைப்பிடி அளவு தின்பவர்களும் உண்டு, ஆனால் தொடங்கும்போது சிறிய அளவே நல்லது. பழத்தைக் கழுவி அப்படியே மெல்லலாம். சீன வீடுகளில் அதிகம் செய்வது இவை:

செவ்வந்திப் பூவும் கோஜியும் சேர்த்த பானம். நாலைந்து உலர்ந்த பூ, ஒரு கரண்டி பழம், கொதிநீர், மூடி பத்து நிமிடம். கணினி முன் நாள் முழுக்க உட்காருபவர்கள் விரும்பிக் குடிப்பது. 2017இல் சீனாவின் பிளாக் பாந்தர் ராக் குழுவின் டிரம் கலைஞர் தெர்மாஸ் குடுவையோடு நிற்கும் படம் சீன இணையத்தில் பரவியது. அதன் பிறகு தெர்மாஸில் கோஜி ஊறவைத்துக் குடிப்பது நடுவயதின் அடையாளமாகவே பேசப்பட்டது.

அரிசிக் கஞ்சி. நாம் நொய்க்கஞ்சி வைப்பது போலக் குழைய விட்டு, இறக்கும் முன் கோஜி சேர்ப்பார்கள். வயதானவர்களுக்கு இது நல்ல காலை உணவு.

சூப். கோழி, சிவப்பு இலந்தை, அஸ்ட்ராகலஸ் வேர், சீன வள்ளிக்கிழங்கு எல்லாம் வெந்த பிறகு, கடைசிப் பத்து நிமிடத்தில் கோஜி விழ வேண்டும். முதலிலேயே போட்டால் கரைந்து புளித்த சுவை வந்துவிடும். சைவர்கள் காளானும் மக்காச்சோளமும் போட்டு இதையே செய்யலாம், நன்றாகவே வரும்.

மதுவில் ஊறவைப்பதும் பழைய வழக்கம். பழத்தின் நன்மைக்காக மது குடிக்கத் தொடங்க வேண்டாம்.

யார் கட்டாயம் தவிர்க்க வேண்டும்?

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து சிகிச்சை பெறுபவர்கள் பலர் இந்த மாத்திரையில் இருப்பார்கள். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைப் பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருப்பார்கள். 2001இல் மருத்துவ இதழில் பதிவான ஒரு நிகழ்வில், அளவு சீராக இருந்த 61 வயதுச் சீனப் பெண்ணின் ஐ.என்.ஆர். 4.1க்கு ஏறியது. மாத்திரையில் மாற்றம் இல்லை. கோஜி ஊறிய தேநீரை நாளுக்கு மூன்று, நான்கு கோப்பை குடித்திருந்தார். நிறுத்தியதும் அளவு இறங்கியது. அதன் பிறகும் இத்தகைய பதிவுகள் வந்திருக்கின்றன. மூலிகைச் சூப்புகளில் கோஜியோடு டாங் குய் வேரும் சேர்வது வழக்கம், அதுவும் வார்ஃபரினோடு மோதும். விருந்தில் ஒரு கிண்ணம் சூப் வைத்தால்கூட இந்த மாத்திரை எடுப்பவர் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் குடிப்பதே சரி.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மாத்திரையின் வேகத்தைக் கோஜி கூட்டக்கூடும். தக்காளி, பீச் பழம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கோஜியாலும் ஒவ்வாமை வரலாம். ஸ்பெயினில் இப்படிப் பதிவுகள் உண்டு.

காய்ச்சல், சளி இருக்கும்போது?

வேண்டாம் என்று சீன மருத்துவமே சொல்கிறது. வெளியிலிருந்து நோய் புகுந்திருக்கும்போது ஊட்டமருந்து கொடுத்தால் நோய் உள்ளேயே தங்கிவிடும் என்பது அவர்கள் கருத்து. வயிறு மந்தமாகி, மலம் இளகிப் போகிறவர்களுக்கும் கொடுக்க மாட்டார்கள். எந்நேரமும், எல்லோருக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் என்று விளம்பரங்கள் சொல்லும். பழத்தை நூற்றாண்டுக் கணக்கில் கையாண்டவர்கள் போட்ட வேலிகள் அந்தச் சீட்டுகளில் எங்குமே அச்சாவதில்லை. எனக்கு மனவருத்தம் தருவது அதுதான்.

சர்க்கரை நோயாளி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதா?

100 கிராமில் சுமார் 45 கிராம் சர்க்கரை இருக்கிறது. பத்து கிராம் தின்றால் நான்கரை கிராம். அந்த அளவில் பெரிய தொல்லை இல்லை. இனிப்புச் சேர்த்த கோஜிச் சாறு, கோஜி மிட்டாய் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்?

சீனக் குடும்பங்களில் பிரசவத்துக்குப் பிந்தைய பத்தியச் சூப்புகளில் கோஜி தாராளமாகவே போடுவார்கள். கர்ப்ப காலத்தில் மருந்தளவில் பாதுகாப்பானது என்று காட்டும் ஆய்வுகள் இல்லை. சூப்பில் விழும் பத்துப் பழத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மாத்திரையாகவும் பொடியாகவும் வரும் செறிவுகளைத் தவிருங்கள்.

கருப்புக் கோஜி வேறா?

வேறு செடி, லைசியம் ருத்தெனிகம். நிறம் அந்தோசயனின் என்ற நிறமி தருவது, நாவல் பழத்தின் கருநீலம் போன்றது. நீரின் தன்மைக்கேற்ப ஊதாவாகவோ நீலமாகவோ மாறும். அதைக் கொதிக்க வைக்கக் கூடாது, இளஞ்சூட்டு நீரே போதும். மருந்து நூலின் கோஜிக்கு இது மாற்று அல்ல.

இலையும் வேரும் பயன்படுமா?

இலையைக் கான்டன் சமையலில் கீரையாகச் சூப் வைக்கிறார்கள். முட்டை உடைத்து ஊற்றுவார்கள், லேசான கசப்பு இருக்கும். வேர்ப்பட்டை தனி மருந்து, 'தி கு பி' என்று பெயர். குளிர்ச்சியானது. பழம் நிரப்பும், பட்டை சூட்டைத் தணிக்கும். இரவில் வியர்த்துக் கொட்டி உடல் கொதிப்பவர்களுக்கு மருத்துவர் எழுதித் தருவார். ஒரே செடி என்பதற்காக ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போடக் கூடாது.

நல்ல பழத்தை எப்படிப் பார்த்து வாங்குவது?

எல்லாப் பழமும் ஒரே அச்சில் பளீரென்ற சிவப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வெயிலில் உலர்ந்தவை ஒன்றுக்கொன்று நிறத்தில் சற்று மாறும், கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். பையைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் புளித்த வாடை அடித்தால் கந்தகப் புகை காட்டியிருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம். வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நல்ல பழம் நீரை மெல்ல வெளிர்மஞ்சளாக்கும், சாயம் ஏற்றியது உடனே சிவப்பாக்கும். காம்பு இருந்த இடத்தில் வெளிறிய புள்ளி இருப்பது நல்ல அறிகுறி.

நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். காற்றுப் புகாத புட்டியில் இட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். கருத்துப்போனால் எறிந்துவிடுங்கள்.

தேநீர் குடித்த பிறகு அடியில் நிற்கும் பழத்தை என்ன செய்வது?

தின்றுவிடுங்கள். கண்ணுக்கு வேண்டிய சியாசாந்தின் நீரில் கரையாது, கொழுப்பில் கரைவது. பழத்தை எறிந்துவிட்டு நீரை மட்டும் குடிப்பவருக்கு அது கிடைப்பதே இல்லை. சூடான பாலில் அரைத்துக் கலந்து கொடுத்தபோது, சுடுநீரில் கொடுத்ததைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு உடலில் சேர்ந்ததாக 2006இல் ஹாங்காங் ஆய்வு ஒன்று காட்டியது. எனவே மீந்த பழத்தை மாலையில் சூடான பாலோடு மிக்சியில் ஒரு சுற்று விட்டுக் குடிக்கலாம். பால் பிடிக்காதவர்கள் நாலைந்து பாதாம் பருப்போடு மென்று தின்னலாம்.